வந்தியத்தேவன் வேஷம் யாருக்கு?

உங்களை ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு, இந்தப் பத்திரிகையை எடுத்துக் கொண்டு சாய்கிறீர்கள். முதலில் தொடர்கதைப் பக்கம். (கட்டுரைக்கு அப்புறம்தான் வருவீர்கள் என்பது எனக்குத் தெரியாதா?) கதாநாயகன் குதிரையிலிருந்து குதித்து உள்ளே வருகிறான். அந்த நிமிஷத்தில் உங்கள் மனத்தில் அவனுக்கு யாருடைய முகம்? எங்கள் ஓவியர் இரவெல்லாம் கண் விழித்து வரைந்த முகமா? அல்லது உங்கள் அபிமான நடிகரின் முகமா?

"நடிகரின் முகம்தான்" என்று ஒப்புக் கொள்கிறவர்கள் மேலே படிக்கலாம். "இல்லவே இல்லை" என்று சாதிக்கிறவர்களும் படிக்கலாம். கட்டுரை முடிவதற்குள் எங்கேயாவது அகப்பட்டுக் கொள்வீர்கள்.

இந்த விவகாரத்தைக் கிளப்பியவரே எங்கள் காரியாலயத்து ஓவியர்தான். "நான் எவ்வளவு அழகாக மூக்கு வரைந்தால் என்ன? வாசகர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ரஜினிகாந்தின் மூக்கை ஒட்டிக் கொள்கிறார்கள்" என்று ஒரு நாள் அங்கலாய்த்தார். அவருக்குச் சொந்த ஊர் தேன்கனிக்கோட்டை. "எங்கள் பெரியம்மா ஒருத்தர் அங்கே இருக்கிறார். எந்தக் கதையைப் படித்தாலும் இந்த வேஷம் இன்னாருக்கு, அந்த வேஷம் இன்னாருக்கு என்று பங்கு போட்டுவிட்டுத்தான் புத்தகத்தை மூடுவார். அறுபது வருஷமாக இதுதான் வேலை. வருகிறீரா, பார்த்துவிட்டு வரலாம்?" என்றார்.

கார்த்திகை மாதத்து ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம்.

மூன்று மொழிக் கண்டக்டர்

ஓசூரிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோ மீட்டர் தேன்கனிக்கோட்டை. தொழிற்சாலைக் கூரைகள் கண்ணை விட்டு மறைந்ததும் இரு பக்கமும் கேழ்வரகுக் கொல்லைகள். காற்றில் நல்ல குளிர். எங்கள் பஸ் கண்டக்டர் ஒரு பாட்டியம்மாளைக் கன்னடத்திலும், மூட்டையோடு ஏறியவரைத் தெலுங்கிலும், படிக்கட்டில் தொங்கிய பையன்களைத் தமிழிலும் கோபித்துக் கொண்டார். மூன்று மொழியிலும் சில்லறை மட்டும் கொடுக்கவில்லை!

"பக்கத்துப் பெங்களூரில் இப்படி ஒரு கண்டக்டர் இருந்தார், ஞாபகம் இருக்கட்டும்" என்று காதோடு சொன்னார் ஓவியர்.

ஞாபகம் இல்லாமல் என்ன? சிவாஜி ராவ் என்ற அந்தப் பெங்களூர்க் கண்டக்டர், 1973-ல் சென்னைக்கு வந்து திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் கே. பாலசந்தர் அவரை ரஜினிகாந்த் ஆக்கினார். அவருடைய முன்னோர் வாழ்ந்த நாச்சிக்குப்பம் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அவர் நடிகர் மட்டும் இல்லை, பக்கத்து ஊர்க்காரர். பஸ் நிலையத்தில் அவருடைய பிறந்த நாளுக்கான சுவரொட்டிகள் ஒட்டிக் கொண்டிருந்தார்கள். 1950-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி பிறந்தவர். வயசுக் கணக்கை நீங்களே போட்டுக் கொள்ளுங்கள். எனக்கு எதற்குப் பொல்லாப்பு?

இந்த ஊர்ப் பெருமாளுக்குப் பேட்டராய சுவாமி என்று பெயர். வேட்டைக்குக் கிளம்பிய கோலம். பெருமாளே வேடன் வேஷம் போட்டுக் கொண்ட ஊரில் வேஷத்தைப் பற்றிப் பேசப் போவது பொருத்தமாகத்தான் பட்டது.

திண்ணை மகாநாடு

பெரியம்மா நல்ல உயரம். குரல் அதைவிட உயரம். "வாங்க தம்பி! பத்திரிகையில எழுதறவங்கன்னா தாடி வெச்சிருப்பாங்கன்னு நினைச்சேன்" என்று வரவேற்றார். கேழ்வரகுக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் உள்ளே போன பிறகு, திண்ணையில் மகாநாடு கூடியது. பெரியம்மா தலைவர். மருமகள், பேத்தி, கன்னடம் பேசும் பக்கத்து வீட்டு அம்மாள், ஓவியர், நான் ஆகியோர் அங்கத்தினர்கள். விஷயம்: ரஜினிகாந்துக்கு இன்னும் கிடைக்காத எந்த வேஷத்தை நீங்கள் கொடுப்பீர்கள்?

பக்கத்து வீட்டு அம்மாள் முந்திக் கொண்டார். "எங்க ராஜ்குமாரே இந்தப் பக்கம் காஜனூர்க்காரர்தானே? உங்க தமிழ்நாட்டு எல்லைக்குள்ளே பிறந்து எங்களுக்குக் கன்னடத்திலே நடிச்சாரு. ரஜினி எங்க ஊர்லே டிக்கெட் கிழிச்சிட்டு உங்களுக்கு நடிக்கிறாரு. ஆரம்பத்திலே புட்டண்ணா கணகால் படத்திலே நடிச்சாரே, அது மாதிரி வயசான காலத்திலே கன்னடத்திலே ஒரு முழுப்படம் நடிச்சுக் கடனைத் தீர்க்கணும்!"

நியாயமான கடன்தான் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

மருமகள் சுற்றுமுற்றும் பார்த்துக் கொண்டு, "ரிடையரான கண்டக்டர் வேஷம் குடுக்கணும். முப்பது வருஷம் ஊரையே ஏத்தி இறக்கினவரு. வீட்டுக்கு வந்தா காப்பிப் பொடி டப்பா எங்கே இருக்குன்னு தெரியாது. சம்சாரம் ஊருக்குப் போயிட்டாங்க. அவரே காப்பி போட்டுக்கணும். படம் முழுக்க அதுதான் கதை" என்றார்.

"சண்டை?" என்றேன்.

"காஸ் அடுப்போட!"

நாங்கள் சிரித்தோம். ஆனால் மருமகள் முழுக்கச் சிரிக்கவில்லை. "வேடிக்கைக்குச் சொல்லலைங்க. பத்துப் பேரை அடிக்கிறதை நாப்பது வருஷமாப் பார்த்தாச்சு. ஒரு ஆம்பளை தனக்குத் தெரியாத ஒண்ணைக் கத்துக்கிட்டுத் தோத்துத் தோத்து ஜெயிக்கிறதை அவர் நடிச்சா, எங்க வீட்டுலகூட அதைப் பார்த்துக் கத்துப்பாங்க" என்றார். அவர் கணவர் அப்போது உள்ளே தூங்கிக் கொண்டிருந்தார்.

பேத்தி ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறபோது சில நாள் யானைக் கூட்டத்துக்காக வண்டியை நிறுத்தி விடுவார்களாம். பன்னேர்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாகக் குளிர்காலத்தில் யானைகள் வருகின்றன. கேழ்வரகு கதிர் முற்றுகிற காலமும் அதுதான். மரத்தின் மேல் பரண் கட்டிக் கொண்டு, டார்ச்சும் தகர டப்பாவுமாக விவசாயிகள் விடிய விடியக் காவல் இருக்கிறார்கள்.

"அந்தப் பரண் மேல ஒரு கிழவர். அதுதான் என் வேஷம்" என்றாள் பேத்தி. "ஆனா ஒரு நிபந்தனை. கண்ணாடியைச் சுழற்றி யானையை விரட்டக் கூடாது. அவர் பயப்படணும். நெஜமா பயப்படணும். கை நடுங்கணும். பயந்துகிட்டே மறுநாள் ராத்திரியும் பரண் ஏறணும். ஏன்னா கொல்லை அவரோடது."

நான் என் குறிப்புப் புத்தகத்தில் இதன் கீழே இரண்டு கோடு போட்டேன். பயப்படுகிற ரஜினி! நம்மில் எத்தனை பேர் அதைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்ப்போம்? சொல்லுங்கள், பார்க்கலாம்.

நாமும் ஒரு கூண்டு

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படத்துக்குச் சென்னையில் விழா நடந்தது. அந்த மேடையில் ரஜினிகாந்தே தம் ஆசை ஒன்றைச் சொன்னார். பெரிய பழுவேட்டரையர் வேஷத்தைத் தமக்குத் தரும்படி மணிரத்னத்தைக் கேட்டாராம். அறுபத்து நாலு விழுப்புண் பட்ட கிழச் சிங்கம். வயது கடந்து காதலித்து ஏமாந்து போகிறவர். எப்பேர்ப்பட்ட வேஷம்! ஆனால் மணிரத்னம் இணங்கவில்லை. உங்கள் ரசிகர்களிடம் நான் திட்டு வாங்கவா என்கிற மாதிரி மறுத்து விட்டாராம். அந்த வேஷத்தைச் சரத்குமார் செய்தார்.

கவனித்தீர்களா? ஒரு நடிகருக்கு ஒரு வேஷத்தின் மேல் ஆசை. கொடுக்கக் கூடிய டைரக்டரும் எதிரிலேயே இருக்கிறார். நடுவில் நிற்பது யார்? நீங்களும் நானும்தான். நம்முடைய அபிமானம் சில சமயம் கூண்டாகி விடுகிறது.

இன்னொரு வேடிக்கையும் அதே மேடையில் வெளிவந்தது. பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையின் கேள்வி பதிலில், வந்தியத்தேவனாக நடிக்கத் தகுந்தவர் யார் என்று கேட்டதற்கு ஜெயலலிதா ரஜினிகாந்தின் பெயரைச் சொல்லியிருந்தாராம். அதைப் பார்த்த பிறகுதான் கதையையே படித்ததாக ரஜினி சொன்னார். சிவாஜி கணேசனும் வந்தியத்தேவனுக்கு ரஜினியைத்தான் சிபாரிசு செய்தார் என்று கமல்ஹாசன் நினைவுகூர்ந்தார். தமக்குத்தான் அந்த வேஷம் என்று கமல் நினைத்துக் கொண்டிருந்த காலத்தில்!

ஆக, நீங்களும் நானும் மட்டும் இல்லை. பெரிய பெரியவர்களெல்லாம் இதே விளையாட்டைத்தான் விளையாடியிருக்கிறார்கள்.

"அந்த வேஷத்தைப் பத்திப் பேசறதுன்னா சும்மாப் பேச முடியாது" என்று பெரியம்மா எழுந்து உள்ளே போனார். ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக் கொண்டு வந்தார். உள்ளே, பழம்புடவைத் துணியில் சுற்றிய ஐந்து கட்டுகள். 'கல்கி' பத்திரிகையிலிருந்து வாரா வாரம் கத்தரித்து, கோணி ஊசியால் தைத்த 'பொன்னியின் செல்வன்'. மணியம் வரைந்த படங்கள் பழுப்பேறி இருந்தன. "எங்க அம்மா தெச்சது. நானும் இந்தக் கதையும் ரஜினியும் ஒரே வயசு" என்றார் பெரியம்மா. கணக்குச் சரிதான். தொடர் தொடங்கியது 1950 அக்டோபர் 29-ல்.

இந்த மண்ணுக்கும் அந்தக் கதைக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் அவர் மதுவிலக்குக்காக 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். அதில் அவருக்கு வலது கையாக இருந்த இளைஞர் கிருஷ்ணமூர்த்திதான் பிற்பாடு கல்கி. கதை முடிந்த 1954-ஆம் வருஷத்தின் டிசம்பர் மாதமே கல்கி காலமானார். வந்தியத்தேவன் மட்டும் குதிரை மேல் இருந்தபடியே, தனக்கு ஒரு நடிகனைத் தேடிக் கொண்டிருந்தான்.

எம்.ஜி.ஆருக்குக் கிட்டாத இரண்டு வேஷங்கள்

அந்தக் குதிரையை முதலில் பிடித்தவர் எம்.ஜி.ஆர். 'நாடோடி மன்னன்' வெற்றிகரமாக ஓடிய அதே 1958-ல் அவர் 'பொன்னியின் செல்வ'னைப் படமாக எடுக்க உரிமை வாங்கினார். வைஜயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, ஜெமினி கணேசன் என்று நட்சத்திரப் பட்டியல் நீண்டது. படப்பிடிப்புத் தொடங்குவதற்குள் அவருக்கு விபத்து. காயம் ஆற மாதக் கணக்கில் ஆயிற்று. பிறகு உரிமையைப் புதுப்பித்தும் காரியம் கூடி வரவில்லை. 1977-ல் அவர் நிஜமாகவே கோட்டைக்குப் போய்விட்டார். வந்தியத்தேவன் வேஷம் காலியாகவே நின்றது.

எம்.ஜி.ஆர். போடாமல் விட்ட வேஷம் இது ஒன்றுதானா? இன்னொன்றும் உண்டு. 1940-களில், அவர் இன்னும் கதாநாயகராக ஆகாத காலம். அண்ணாதுரை 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்ற நாடகத்தை எழுதியிருந்தார். சத்ரபதி சிவாஜியாக நடிக்க இருந்தவர் எம்.ஜி.ஆர். என்ன காரணத்தாலோ அவர் விலகிக் கொண்டார். அந்த இடத்துக்கு வந்தவர் வி.சி. கணேசன் என்ற மெலிந்த இளைஞர். நாடகத்தைப் பார்த்த பெரியார் அவருக்குச் 'சிவாஜி' என்று பெயர் சூட்டினார். ஒருவர் விட்ட வேஷம் இன்னொருவருக்குப் பெயராகவே நிலைத்து விட்டது!

அந்தப் பெயரும் லேசில் விடவில்லை. நம் கண்டக்டர் சிவாஜி ராவ் நடிக்க வந்தபோது, ஏற்கனவே ஒரு சிவாஜி இருக்கிறாரே என்று பாலசந்தர் யோசித்தார். தம் 'மேஜர் சந்திரகாந்த்' கதையில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரை எடுத்து ரஜினிகாந்த் என்று வைத்தார். விட்ட பெயரை அவர் 2007-ல் 'சிவாஜி' என்ற படத்தின் தலைப்பாகத் திரும்பப் பெற்றார்.

சரி, எம்.ஜி.ஆர். எடுக்காத 'பொன்னியின் செல்வன்' என்ன ஆயிற்று? வீணாகத்தான் போயிற்று என்று நினைப்பீர்கள். இங்கேதான் இருக்கிறது சமாசாரம்.

காரைக்குடி அழகப்பா கல்லூரிக்கு எம்.ஜி.ஆர். போயிருந்தபோது ஒரு மாணவர் அவர் முன்னிலையிலேயே தமிழ்ப் படங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். கோபித்துக் கொள்ள வேண்டிய எம்.ஜி.ஆர். கை தட்டினார். பின்னால் அந்த மாணவர் சென்னைக்கு வந்தபோது, தம் வீட்டிலேயே இடம் கொடுத்து, 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னார். அந்த இளைஞர்தான் மகேந்திரன். படம் வரவில்லை. ஆனால் அந்தப் படத்துக்காக வந்தவர் சினிமாவில் தங்கி விட்டார்.

இருபது வருஷம் கழித்து, 1978-ல், மகேந்திரன் முதன்முதலாக ஒரு படத்தை டைரக்ட் செய்தார். அதுவும் பத்திரிகைக் கதைதான். 'கல்கி' வெள்ளி விழாப் போட்டியில் பரிசு பெற்ற, உமாசந்திரன் எழுதிய 'முள்ளும் மலரும்'. விஞ்ச் ஓட்டுகிற காளி வேஷத்துக்கு மகேந்திரன் ரஜினியைத்தான் போடுவேன் என்றார். வில்லனாக நடித்துக் கொண்டிருந்தவர், நிறமும் கறுப்பு என்று தயாரிப்பாளர் தயங்கினார். மகேந்திரன் அசைந்து கொடுக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். முரடன், தங்கை வள்ளி மேல் உயிரையே வைத்திருப்பவன், லாரி ஏறி ஒரு கையை இழந்து நிற்கிறான். சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற கையை எடுத்து விட்டு, 'இப்போது நடி' என்று சொன்ன மாதிரி இருந்தது அது. ரஜினி நடித்தார். பாலசந்தர் அவருக்குப் பாராட்டிக் கடிதம் எழுதினார். பல வருஷங்கள் கழித்து அதே பாலசந்தர், உனக்குப் பிடித்த டைரக்டர் யார் என்று மேடையில் கேட்டபோது, குருநாதர் முகத்துக்கு எதிரிலேயே ரஜினி சொன்ன பெயர் மகேந்திரன்.

1978-க்கு முன்னால் எந்த ரசிகராவது, "எங்கள் ரஜினிக்கு ஒரு கை போக வேண்டும், தங்கையின் முன் தலை குனிந்து நிற்க வேண்டும்" என்று கனவு கண்டிருப்பாரா? மாட்டார். நாம் கனவு காண்பதெல்லாம் குதிரையும் வாளும்தான். ஆனால் வந்து சேர்ந்த வேஷம் குதிரையை விடப் பெரியதாக இருந்தது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். சார்லி சாப்ளினுக்கு நெப்போலியனாக நடிக்க வேண்டும் என்று வெகு நாள் ஆசை. நடக்கவில்லை. 1940-ல் அவர் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் ஹிட்லரைக் கேலி செய்கிற வேஷத்தில் வந்தார். இன்றைக்கு நெப்போலியனை யார் கேட்கிறார்கள்?

"ஆம்பளைக்கே தேடறீங்களே?"

நான் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் சபையில் ஒரு நிசப்தம். என் பிரசங்கத்தின் மகிமை என்று நினைத்தேன். பெரியம்மா தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாம் சரி தம்பி. காலையிலேருந்து ஆம்பளைக்கே வேஷம் தேடறீங்களே, பொம்பளைக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. சமாளித்துக் கொண்டு, தொரப்பள்ளியில் எடுத்த 'திக்கற்ற பார்வதி'யைச் சொன்னேன். ராஜாஜி எழுதிய கதை. சிங்கீதம் சீனிவாசராவ் டைரக்ஷனில் 1974-ல் வந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. புருஷனின் குடியாலும் கடனாலும் அலைக்கழிகிற பார்வதியாக லக்ஷ்மி நடித்தார்.

"அதைத்தான் சொல்றேன். எங்க மாவட்டத்துலே ஒரு பொம்பளை பேரிலே படம் எடுத்தாங்க. அவளும் திக்கத்தவ!" என்றார் பெரியம்மா. "அழறதுக்குன்னா எங்களைக் கூப்பிடுவாங்க. குதிரை மேலே ஏறணும்னா ஆம்பளையைக் கூப்பிடுவாங்க."

"உங்களுக்குக் குதிரை ஏறணுமா பாட்டி?" என்று கேட்டுச் சிரித்தாள் பேத்தி.

பெரியம்மா உடனே பதில் சொல்லவில்லை. மேலே இருந்த கட்டைப் பிரித்து, நூல் விட்டுப் போயிருந்த ஒரு பக்கத்தைச் சரி செய்தார். பிறகு சொன்னார்.

1965-ஆம் வருஷம். அவர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக் கொண்டிருந்தார். ஆண்டு விழாவுக்கு நாடகம். 'பொன்னியின் செல்வ'னிலிருந்து சில காட்சிகள். பெண்கள் பள்ளிக்கூடம் ஆனதால் ஆண் வேஷங்களையும் பெண்களேதான் போட வேண்டும். வகுப்பிலேயே உயரமான பெண், கணீரென்ற குரல், புத்தகம் முழுக்க மனப்பாடம். டீச்சர் யோசிக்கவே இல்லை. வந்தியத்தேவன் வேஷம் அவருக்கு!

"பன்னண்டு நாள் ஒத்திகை. அட்டையிலே வாள் பண்ணி, சிகரெட் பெட்டி உள்ளே இருக்குமே வெள்ளிக் காகிதம், அதை ஒட்டியிருந்தேன். மீசை மட்டும் மையிலே வரையறதா இருந்தது. அதை யாரோ எங்க அப்பா காதிலே போட்டுட்டாங்க. 'மீசை வெச்சுக்கிட்டு மேடை ஏறினா நாளைக்கு எவன் கட்டுவான்?'னு ஒரே வார்த்தை. ஆண்டு விழா அன்னிக்கே பொண்ணு பார்க்க வரச் சொல்லிட்டாரு. அங்கே என் வேஷத்தை வேறொரு பொண்ணு போட்டா. பாதியிலே வசனம் மறந்துட்டாளாம். இங்கே நான் தலையைக் குனிஞ்சுகிட்டுக் காப்பித் தட்டை நீட்டிகிட்டு இருந்தேன். எனக்கு ஒரு வசனம்கூட இல்லை."

அப்பாவைக் குறை சொல்லவில்லை பெரியம்மா. வந்த கணவரும் நல்ல மனிதர். ஓசூரில் எந்த எம்.ஜி.ஆர். படம் வந்தாலும் அழைத்துக் கொண்டு போனாராம்.

"எல்லாரும் எம்.ஜி.ஆர். அந்தப் படத்தை எடுக்கலையேன்னு வருத்தப்படுவாங்க. நானும் வெளியிலே வருத்தப்படுவேன். உள்ளுக்குள்ளே ஒரு சந்தோஷம் தம்பி. காலியாவே இருக்கட்டும்! எவனும் போடாத வரைக்கும் அது என் வேஷம்தானே?"

பேத்தி சிரிப்பை நிறுத்தியிருந்தாள். மருமகள், "இத்தனை வருஷத்திலே ஒரு நாளாவது சொன்னீங்களா அத்தை?" என்றார்.

"யார் கேட்டீங்க?"

2022-ல் படம் வந்தபோது பேத்திதான் அவரை ஓசூருக்கு அழைத்துப் போயிருக்கிறாள். வந்தியத்தேவனாகக் கார்த்தி. திரும்பி வருகிற வழியெல்லாம் பாட்டி பேசவே இல்லையாம். அலுப்பு என்று நினைத்து விட்டாளாம்.

"கார்த்தி எப்படி?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

பெரியம்மா நிதானமாக யோசித்தார். கையில் இருந்த வேலையை அடுத்தவரிடம் ஒப்படைக்கிற மாதிரி ஒரு முகம்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கான் பையன். என் வேஷத்தைக் கெடுக்கலை."

களித் துடுப்பு

பேத்தி எழுந்து சமையலறைக்குள் போனாள். களி கிண்டுகிற துடுப்பைக் கழுவி எடுத்துக் கொண்டு வந்தாள். "வாள்" என்று நீட்டினாள். "சீ, போடி!" என்றார் பெரியம்மா. பக்கத்து வீட்டு அம்மாள் கன்னடத்தில் ஏதோ உற்சாகப்படுத்தினார். பெரியம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக் கொண்டு எழுந்து நின்றார். அறுபது வருஷத்துக்கு முன் படித்த வசனம் ஒரு பக்கம் அளவுக்கு, ஒரு சொல் தட்டாமல் வந்தது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். உள்ளே தூங்கிக் கொண்டிருந்த மகனும் வெளியே வந்து நிலைப்படியில் நின்று விட்டார். அம்மாவை அவர் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

வருகிற வழியில் பஸ்ஸில் யோசித்துக் கொண்டே வந்தேன். பரண் மேல் பயப்படுகிற ரஜினியைக் கேட்ட பெண், ராத்திரி ஷிப்ட் முடிந்து யானைக் காட்டு வழியாக வருகிறவள். காப்பி போடுகிற ரஜினியைக் கேட்டவர், முப்பது வருஷமாக மற்றவர்களுக்குக் காப்பி போடுகிறவர். அபிமான நடிகருக்கு நாம் கொடுக்கிற வேஷத்தில் நம் வீட்டுச் சமாசாரம் எவ்வளவு கலந்து விடுகிறது, பாருங்கள்!

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அபிமான நடிகருக்கு எந்த வேஷம் தரலாம் என்று எங்களுக்கு எழுதுங்கள். அதற்கு முன்னால், உங்கள் வீட்டில் இருக்கும் அம்மாவையோ மாமியாரையோ, "உங்களுக்கு எந்த வேஷம் வந்து தட்டிப் போயிற்று?" என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

கட்டுரையின் தலைப்பில் எங்கள் ஓவியர் வந்தியத்தேவனை வரைந்திருக்கிறார். குதிரை இருக்கிறது, வாள் இருக்கிறது, மையில் வரைந்த மீசையும் இருக்கிறது. முகத்தை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். இந்தத் தடவை அதன் மேல் வேறு யாருடைய மூக்கையும் ஒட்டக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லி விட்டார்.